பஸ் நின்றால் கடை ஓடும்: நீலகிரியின் ஒரு பழைய மார்க்கெட் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

நீலகிரி மாவட்டத்து நகராட்சி ஒன்றில் 2022 முதல் 2025 வரை நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். ஊர்ப் பெயர், ஆள் பெயர் எதுவும் போடவில்லை, ஏனென்றால் இதில் வரும் எல்லாரும் இன்றைக்கும் அதே தெருவில் தினமும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டியவர்கள். மார்க்கெட்டைச் சீர்செய்யக் கூடிய குழுவில் நானும் இருந்தேன்; கூட்டக் குறிப்புகளை எழுதும் பொறுப்பு என்னுடையது. வேறு மலையூர்களில் இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

மார்க்கெட் ஒரு சரிவில் இருக்கிறது. மேல் வரிசை மெயின் ரோட்டைப் பார்த்தது. தேயிலைத் தூள், வர்க்கி, தைலம், கம்பளி உடுப்பு என்று சுற்றுலா வருகிறவர்களுக்கான கடைகள் அங்கே. நடு வரிசையில் துணி, பாத்திரம், மளிகை, தையல், அடகுக் கடை. கீழ் வரிசை ஓடையை ஒட்டியது: காய்கறி, கறி, கருவாடு, தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் கவாத்துக் கத்தி, விதை உருளைக்கிழங்கு. மூன்றையும் இணைப்பது படிக்கட்டுகள், மழை பெய்தால் வழுக்கும்.

இந்த மார்க்கெட்டை வாழவைத்தவர்கள் ஊருக்குள் குடியிருப்பவர்களைவிட, சுற்றியுள்ள ஹட்டிகளிலும் (படுகர் ஊர்கள்) எஸ்டேட் லைன்களிலும் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) இருந்து வருகிறவர்கள்தான். படுகர் ஊர்களின் தேயிலை விவசாயிகள், 1964-ன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து தோட்டங்களில் குடியேறிய குடும்பங்கள், சமவெளியிலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள் என்று எல்லாருமே ஞாயிற்றுக்கிழமை இறங்கி வந்து ஒரு வாரத்துச் சாமானை ஒரே நடையில் வாங்கிக்கொண்டு போவார்கள். படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு முந்தைய வாரங்களில் நடு வரிசைத் துணிக்கடைகளில் வெள்ளைத் துணிக்கு நிற்கிற கூட்டத்தை ஊரில் வயதானவர்கள் இன்றும் சொல்வார்கள்.

இது சரிந்ததற்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. 1990-களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை விழுந்ததிலிருந்து சிறு விவசாயிகளின் கை இறுகிவிட்டது, பிள்ளைகள் கோயம்புத்தூர், திருப்பூர் என்று இறங்கிப் போனார்கள். அப்புறம் ஆன்லைன் வியாபாரம் வந்தது, 2020 ஊரடங்கு வந்தது. 2016-லிருந்து 2022 பிப்ரவரி தேர்தல் வரை நகர்ப்புற உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே கிடையாது, தனி அலுவலர்கள்தான் பார்த்துக்கொண்டார்கள். ஐந்து வருடத்துக்கும் மேலாக, கூரை ஒழுகுகிறது என்று போய்ச் சொல்ல ஒரு கவுன்சிலர்கூட இல்லாமல் கடைக்காரர்கள் இருந்தார்கள்.

முதலில் கேட்டது வேறு

2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று, நகரங்களில் வார்டு மக்கள் கூடிக் குறைகளைப் பேசும் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. மார்க்கெட் வார்டின் கூட்டத்துக்கு வணிகர்கள் ஒரு மனுவோடு வந்தார்கள். படிக்கட்டுகளிலும் நடைபாதையிலும் உட்கார்ந்திருக்கும் தரைக்கடைகளை அகற்ற வேண்டும், கார் நிறுத்த இடம் வேண்டும், முகப்பைப் பழைய காலத்து அழகோடு புதுப்பிக்க வேண்டும் என்று மூன்று கோரிக்கைகள். மூன்றுமே சுற்றுலாப் பயணியை மனதில் வைத்தவை.

வேறு ஏதோ மனு கொடுக்க வந்திருந்த, ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளி ஒரு அம்மா எழுந்து, கீழ் கேட்டில் முன்பு நின்ற டவுன் பஸ் ஏன் இப்போது நிற்பதில்லை என்று கேட்டார். அந்தக் கேள்வி மனுவில் இல்லை, ஆனால் குறிப்பில் ஏறியது. பின்னால் இந்த வேலை முழுக்க அந்தக் கேள்வியைச் சுற்றியே போனது.

வார்டு கவுன்சிலர் முன்கை எடுத்து ஒரு குழு அமைத்தார். வணிகர் சங்கத்திலிருந்து மேல் வரிசைக்கு ஒருவர், நடு வரிசைக்கு ஒருவர், தரைக்கடைப் பெண்களில் ஒருவர், சுய உதவிக் குழுவிலிருந்து இருவர், ஓய்வு பெற்ற பஸ் நடத்துநர் ஒருவர், நகராட்சித் தரப்பில் சுகாதார ஆய்வாளர், உதவிக்குக் கல்லூரி மாணவர்கள். நடத்துநரைச் சேர்த்தது கவுன்சிலரின் யோசனை. எந்த ஊர் ஆள் எந்த பஸ்ஸில் வருவார், திரும்பும்போது கையில் என்ன இருக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

பார்த்ததும் கேட்டதும்

மாணவர்கள் நோட்டோடு வரிசை வரிசையாக நடந்து திறந்த கடை, மூடிய கடை, எத்தனை நாளாக மூடியது, போர்டில் யார் பெயர், உள்ளே உட்கார்ந்திருப்பது யார் என்று குறித்தார்கள். ஓடை நாற்றமும் ஒழுகும் கூரையும் இருக்கிற கீழ் வரிசையில்தான் மூடிய ஷட்டர் அதிகம் இருக்கும் என்று எல்லாரும் நினைத்திருந்தோம். அப்படி இல்லை. நடு வரிசைதான் செத்துக் கிடந்தது.

காரணத்தை நடத்துநர் விளக்கினார். முன்பெல்லாம் டவுன் பஸ் கீழ் ரோட்டில் ஆளை இறக்கும். இறங்கியவர்கள் கையை வீசிக்கொண்டு கீழ் வரிசை, நடு வரிசை, மேல் வரிசை என்று ஏறிப் பார்த்துவிட்டு, வாங்கிய சுமையோடு இறக்கத்தில் திரும்பி வந்து பஸ் ஏறுவார்கள். சீசன் நெரிசலுக்காகக் கீழ் ரோட்டை ஒருவழிப் பாதையாக மாற்றியபோது அந்த நிறுத்தம் போய்விட்டது. சீசன் முடிந்தும் திரும்ப வரவில்லை. எல்லா பஸ்ஸும் மேலே இருக்கும் பஸ் நிலையத்திலேயே ஆளை இறக்குகிறது. இப்போது மூட்டையைத் தூக்கிக்கொண்டு படி ஏற வேண்டும். ஏற முடிந்தவர் காய்கறிக்கு மட்டும் விறுவிறுவென்று கீழே போய் வருவார், முடியாதவர் பஸ் நிலையத்தை ஒட்டியே வாங்கிக்கொள்வார். நடு வரிசையில் நின்று துணி பார்க்க யாருக்கும் நேரமும் இல்லை, முழங்காலும் இல்லை.

மார்க்கெட்டுக்குள் வந்தவர்களை மட்டும் கேட்டால் போதாது, வராமல் போனவர்களைத் தேடிப் போய்க் கேட்க வேண்டும் என்று சுய உதவிக் குழுப் பெண்கள் பிடிவாதமாகச் சொன்னார்கள். அவர்களே ஹட்டிகளுக்கும் லைன்களுக்கும் போனார்கள். பஸ்ஸுக்கு அடுத்தபடி அவர்கள் கேட்டு வந்தது கழிப்பறை. மார்க்கெட்டில் பெண்கள் போகத்தக்க கழிப்பறை ஒன்றுகூட இல்லை. சந்தைக்குக் கிளம்பும் நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை என்று பல பெண்கள் சொல்லியிருக்கிறார்கள். இந்தக் குளிரில், படி ஏறி இறங்கி, நாள் முழுக்கத் தண்ணீர் இல்லாமல். அந்தக் குறிப்பை வாசித்தபோது கூட்டத்தில் இருந்த ஆண்கள் ஒருவரும் பேசவில்லை. இத்தனை வருடமாக இது யாருடைய மனுவிலும் வராமல் இருந்ததுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

மூன்றாவதாகத் தெரிய வந்தது உள்வாடகை. நகராட்சிக் கணக்கில் கடை ஒருவர் பெயரில் இருக்கும், அவர் கடைப் பக்கமே வந்து வருடக்கணக்காகியிருக்கும், கடை நடத்துபவர் அவருக்குப் பல மடங்கு வாடகை கட்டிக்கொண்டிருப்பார். பெயருள்ளவர் நகராட்சிக்கு நிலுவை வைத்திருப்பார். நடத்துபவருக்கு எந்தக் காகிதமும் கிடையாது, அதனால் ஒழுகும் கூரைக்குத் தகரம் போடக்கூட அவர் காசு செலவழிக்க மாட்டார், செலவழித்த மறுமாதம் காலி செய்யச் சொன்னால் என்ன ஆவது? மூடிய கடைகளில் பல, வியாபாரம் இல்லாமல் மூடியவை என்பதைவிட, இந்தச் சிக்கலில் மாட்டி மூடியவை.

எடுத்த முடிவுகள்

முதல் சண்டை இடிப்பதா, பழுது பார்ப்பதா என்பதில். மொத்தத்தையும் இடித்துவிட்டுக் கார் நிறுத்தத்தோடு புதுக் கட்டடம் எழுப்பலாம் என்று மன்றத்தில் ஒரு பிரிவு சொன்னது. இந்த மலையில் அது அவ்வளவு எளிதல்ல. மலைப்பகுதிக் கட்டட விதிகளின்படி 7 மீட்டர் உயரத்துக்கு மேல் போக முடியாது, அப்படியானால் இடத்துக்காகச் சரிவைத்தான் வெட்ட வேண்டும். பொக்லைன் வைக்கவே இந்த மாவட்டத்தில் தனி அனுமதி வேண்டும். 2009 நவம்பரில் பெய்த மழையில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த மாவட்டம் இது, ஓடையோரச் சரிவை வெட்டுவது என்றால் இங்கே யாரும் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இன்னொரு பயமும் இருந்தது: கட்டி முடிக்கும்வரை கடைகளை எங்கே கொண்டு வைப்பது, வைத்த இடத்திலிருந்து திரும்பி வருவோமா என்று கீழ் வரிசைக்காரர்கள் கேட்டார்கள். பகுதி பகுதியாகப் பழுது பார்ப்பது என்று முடிவானது.

அடுத்தது தரைக்கடைகள். 2014-ன் தெரு வியாபாரிகள் சட்டம், கணக்கெடுப்பு முடித்து விற்பனைச் சான்று கொடுக்கும்வரை யாரையும் அகற்றக் கூடாது என்கிறது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் தெரு வியாபாரிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்கிறது. நகராட்சி ஆணையர் இதைக் கூட்டத்திலேயே எடுத்துச் சொல்லிவிட்டதால் 'முதலில் அகற்று' என்ற பேச்சு அடங்கியது. ஆனால் சட்டத்தைவிட மனதை மாற்றியது வேறு ஒன்று. படியில் கேரட், பீன்ஸ், நூல்கோல், கீரை வைத்திருக்கும் பெண்களுக்காகத்தான் கீழே ஆள் வருகிறது என்பதை நடு வரிசைப் பிரதிநிதியே ஒத்துக்கொண்டார். படியின் ஒரு பக்கம் மட்டும் கோடு போட்டு அவர்களுக்கு இடம் குறித்து, மறு பக்கம் கைப்பிடிக் கம்பியோடு நடக்க விடுவது என்று முடிவு செய்தோம்.

கழிப்பறை, படிக்கட்டு, கால்வாய் மூடி ஆகியவற்றுக்கு 'நமக்கு நாமே' திட்டத்தை எடுத்தோம். அதில் மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட வேண்டும். வேறு நிதிக்குக் காத்திருக்கலாமே என்று சிலர் சொன்னார்கள். காசு போட்டவர் கேள்வி கேட்பார், அது வேண்டும் என்பது கவுன்சிலரின் கணக்கு. அந்தக் கணக்கில் ஒரு ஆபத்தும் இருந்தது. மேல் வரிசைக்காரர்களால்தான் பெருந்தொகை கொடுக்க முடிந்தது, கொடுத்த பிறகு கழிப்பறை மெயின் ரோட்டுப் பக்கம், தங்கள் வரிசையில் வர வேண்டும் என்றார்கள். கீழ் கேட்டில்தான் வேண்டும் என்று சுய உதவிக் குழு விடாமல் நின்றது. ஹட்டிகளிலிருந்து ஊர்ப் பொதுப் பணமாகவும், லைன்களிலிருந்து வீட்டுக்கு இவ்வளவு என்று சிறு தொகையாகவும் வசூலித்து வந்து பங்கில் சேர்த்தார்கள். அதன் பிறகு இடத்தைப் பற்றிப் பேச்சில்லை.

பஸ் நிறுத்தத்துக்கு நகராட்சி மட்டும் போதாது. போக்குவரத்துக் கழகம், போலீஸ், மாவட்ட நிர்வாகம் என்று பலருடைய ஒப்புதல் வேண்டும். போலீஸ் தரப்பில் நிரந்தர நிறுத்தத்துக்குச் சம்மதிக்கவில்லை. அதனால் காலையும் மாலையும் மட்டும், சீசன் அல்லாத மாதங்களில், சோதனையாக என்று கேட்டோம். பெரிதாகக் கேட்டு மறுக்கப்படுவதைவிட, சிறிதாகக் கேட்டு நடத்திக் காட்டலாம் என்பது நடத்துநர் சொன்ன வழி. கிடைத்தது.

உள்வாடகை விஷயத்தைத் தள்ளி வைத்தோம். பெயர் மாற்றம், நிலுவை, வாடகை மறுநிர்ணயம் எல்லாம் மன்றத் தீர்மானத்தோடு முடிவதில்லை, மேலே வரை போக வேண்டும். அதில் கை வைத்தால் மற்ற எல்லாமே நின்றுபோகும் என்று ஒருமனதாக நினைத்தோம். இதன் விளைவைக் கீழே சொல்கிறேன்.

நடந்தது

கழிப்பறையும் படிக்கட்டும் முடிந்த கையோடு கீழ் கேட்டில் பஸ் நிற்கத் தொடங்கியது. மாற்றம் முதலில் தெரிந்தது டீக்கடையில், அப்புறம் காய்கறியில். நடு வரிசை அசையப் பல மாதம் பிடித்தது. கழிப்பறைப் பராமரிப்பைச் சுய உதவிக் குழுவிடம் கொடுத்தது இந்தத் திட்டத்தின் ஆகச் சிறந்த முடிவு என்று சொல்வேன். கட்டிய கழிப்பறை பூட்டிக் கிடப்பதை எத்தனை ஊரில் பார்க்கிறோம்! இங்கே ஞாயிறு மாலை கடைசி பஸ் போகும்வரை திறந்திருக்கிறது, தண்ணீர் வருகிறது.

நடுவில் ஒரு முயற்சி தோற்றது. மேல் வரிசையின் விருப்பப்படி முகப்புக்கு வண்ணம் பூசி, ஒரே மாதிரி பெயர்ப் பலகை மாட்டி, சனி ஞாயிறு மாலைகளில் சுற்றுலாப் பயணிகளுக்கென்று ஒரு சந்தை நடத்தினோம். கூட்டம் வந்தது. படம் எடுத்தார்கள், சோளம் வாங்கித் தின்றார்கள், போனார்கள். அவர்களுடைய கார்கள் கீழ் ரோட்டை அடைத்ததில் பஸ்ஸே கேட்டுக்கு வர முடியாமல் போனது. ஞாயிறு மாலை என்பது லைன் குடும்பங்கள் சாமான் வாங்கித் திரும்புகிற நேரம். யாருக்காகப் பஸ்ஸை வரவழைத்தோமோ அவர்களையே வழியில் நிறுத்திவிட்ட மாதிரி ஆனதால் மாலைச் சந்தையைக் கைவிட்டோம்.

2024 இந்த மார்க்கெட்டுக்கு முக்கியமான வருடம். மகளிருக்கான கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் அந்த வருடம் மலைப்பகுதிகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. ஞாயிறு மட்டும் வந்த பெண்கள் வாரத்தின் நடுவிலும் வந்தார்கள், கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினார்கள், அதனால் சுமை குறைந்தது, அதனால் நடு வரிசையில் நின்று பார்க்க நேரம் கிடைத்தது. மார்க்கெட் மீண்டதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. எங்கள் குழு இல்லாவிட்டாலும் அந்தப் பெண்கள் பஸ் ஏறியிருப்பார்கள். கீழ் கேட்டில் பஸ் நிற்காமல் இருந்திருந்தால் மார்க்கெட்டுக்குள் இறங்கியிருப்பார்களா என்பதுதான் கேள்வி. இரண்டையும் பிரித்து அளக்க எங்களிடம் வழியில்லை.

அதே வருடம் மே 7 முதல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ், அதாவது சுற்றுலா வாகனங்கள் ஆன்லைனில் முன்பதிவு செய்து எடுக்க வேண்டிய அனுமதி, வந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் நீலகிரிக்குள் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 சுற்றுலா வாகனங்கள் என்று வரம்பும் வந்தது. மேல் வரிசையில் கோபமும் பயமும் இருந்தன, அவர்கள் வருமானம் முழுக்க சீசனை நம்பியது, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இரண்டு விஷயம் நடந்தது. வாகனம் குறைந்ததால் சீசனிலும் கீழ் கேட்டில் பஸ் நிற்கப் போலீஸ் சம்மதித்தது. மேல் வரிசையில் சிலர் சாக்லேட்டுக்குப் பக்கத்தில் பள்ளி ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் அடுக்கத் தொடங்கினார்கள். அந்தக் கடைகள் இன்று தாக்குப்பிடிக்கின்றன.

இப்போதைய நிலை

நடு வரிசையில் மூடிக் கிடந்த ஷட்டர்களில் பெரும்பாலானவை திறந்துவிட்டன. எல்லாம் பழைய கடைகள் இல்லை. செல்போன் பழுது, ரத்தப் பரிசோதனை நிலையம், சுய உதவிக் குழுவின் சாப்பாட்டுக் கடை, விதை–உரக் கடை என்று வந்திருக்கின்றன. துணிக்கடைகளில் இரண்டு மூன்று பழைய ஆட்கள் கணக்கு நோட்டோடு இன்னும் இருக்கிறார்கள். பச்சைத் தேயிலைக்குப் பணம் வரும்வரை கடன் கொடுத்து, வந்ததும் கழித்துக்கொள்கிற அந்த ஏற்பாட்டை எந்த ஆன்லைன் கடையும் தர முடியாது.

கீழ் வரிசையில் ஓடைப் பிரச்சினை தீரவில்லை. கால்வாய் மூடி போட்டதில் நடக்க வசதி, ஆனால் அடைப்பை எடுப்பது கடினமாகிவிட்டது. வடகிழக்குப் பருவ மழையில் தண்ணீர் கறிக்கடை வாசல் வரை ஏறியது. தூய்மைப் பணியாளர்கள் மூடியைத் தூக்க முடியாமல் கடப்பாறையால் நெம்பிப் பார்த்துத் திணறினார்கள். இப்போது இடையிடையே இரும்புச் சட்டம் வைத்த மூடி மாற்றும் வேலை நடக்கிறது.

உள்வாடகைதான் பெரிய அடி. கடைவீதி உயிர் பெற்றதும், பெயரை வைத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உள்வாடகை ஏறியது. மோசமான வருடங்களில் கடையை மூடாமல் பிடித்து வைத்திருந்த, குழுக் கூட்டங்களுக்கு வந்து கழிப்பறைக்குப் பணம் போட்ட நடு வரிசைக்காரர்கள் சிலர் அந்த ஏற்றத்தைத் தாங்க முடியாமல் வெளியேறிவிட்டார்கள். அவர்களில் ஒரு தையல்காரர் இப்போது பஸ் நிலையப் படிக்கட்டுக்குக் கீழே மிஷின் போட்டிருக்கிறார். எல்லாருடைய உழைப்பின் பலனும் கடைப் பக்கமே வராத ஒருவருக்குப் போவது அநியாயம், அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

மாற்ற வேண்டியவை

இன்னொரு ஊரில் இதைத் தொடங்குகிறவர்கள், முதல் ஆணி அடிக்கும் முன்பே கடையை உண்மையில் யார் நடத்துகிறார் என்ற பட்டியலை நகராட்சிப் பதிவில் ஏற்றுங்கள். பெயர் மாற்றமே நடக்காவிட்டாலும் பரவாயில்லை, பட்டியல் மன்றத் தீர்மானத்தில் இருந்தால் பின்னால் பேச ஒரு பிடி இருக்கும். எங்களிடம் மாணவர்கள் எழுதிய நோட்டு இருந்தது, அதற்கு எந்த அதிகார மதிப்பும் இல்லை. வேலை நின்றுபோகும் என்று தள்ளி வைத்ததற்கு அன்று நல்ல காரணம் இருந்தது, ஆனால் கடைவீதி செத்துக் கிடக்கும்போதுதான் பெயருள்ளவர்கள் கையெழுத்துப் போடுவார்கள், உயிர் வந்த பிறகு போட மாட்டார்கள்.

பஸ்ஸை முதலில் கேளுங்கள். கட்டட வேலை முடியட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை, நிறுத்தத்துக்கு ஒரு பலகையும் கொஞ்சம் வெள்ளைப் பெயிண்டும்தான் செலவு. வேலை தொடங்கும் முன் ஒரு ஞாயிறும் ஒரு புதனும் படியில் ஆட்களை உட்கார வைத்து, ஏறுகிறவர் இறங்குகிறவர் எண்ணிக்கையை எடுத்து வையுங்கள். அந்தக் கணக்கு இல்லாததால்தான் இலவசப் பயணத்தின் பலனையும் நிறுத்தத்தின் பலனையும் எங்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கால்வாய் மூடிக்கு வரைபடம் போடும்போது, அதைத் தூக்கப்போகிற தூய்மைப் பணியாளரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். எங்கள் கூட்டங்களில் அவர்களுக்கு நாற்காலியே போடவில்லை.

உள்வாடகைப் பட்டியலை மீண்டும் சரிபார்த்து மன்றத்தில் வைக்க ஏற்பாடு நடக்கிறது. கடைக் கடைக்குப் போய்க் கையெழுத்து வாங்கும் வேலையைச் சுய உதவிக் குழுப் பெண்கள் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நடு வரிசையில் பாதிக் கடை முடிந்திருக்கிறது. மீதியில் சிலர், பெயருள்ளவர் காதுக்குப் போய்விடும் என்று பயந்து கதவருகிலேயே பேசி அனுப்பிவிடுகிறார்கள்.